ஞாயிறு விடியலில் ஒரு எஞ்சின்

...அதுவும் ஞாயிற்றுக்கிழமை, முதல் பூசைக்கு மணி அடிக்கும் முன்பே, குருநகர்க் கரையில் ஒரு எஞ்சின் இருமினால் யாருக்குத்தான் கேட்காது, மற்ற நாளென்றால் ஆயிரம் சத்தத்தோடு அதுவும் கரைந்திருக்கும், ஞாயிறு எங்கள் ஆட்கள் தொழிலுக்குப் போவதில்லை, கரை வாயைப் பொத்திக்கொண்டு கிடக்கும், நான் ஒன்றும் ஒட்டுக்கேட்கவில்லை, குசினி யன்னல் கடலைப் பார்த்துத் திறந்தால் நான் என்ன செய்ய... லெனாட் தன் பாய்ப்படகின் எஞ்சினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான், முக்கியது, இருமியது, செத்தது, மறுபடி முக்கியது, நான் தேத்தண்ணி குடித்துப் பேணியையும் கழுவிவிட்டேன், அதன்பிறகுதான் வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு பிடித்தது. கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தினான், ஈரச்சாக்கு ஒன்றை எடுத்து அதன்மேல் போர்த்தினான், காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்ப்பதுபோல. பிறகு போட்டிருந்த சேட்டைக் கழற்றி வேறு மாட்டிக்கொண்டு பூசைக்கு வந்து நற்கருணைக்கு நாக்கையும் நீட்டினான், பின்வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், செபத்தில் மனம் எங்கே நின்றது.

குளிரில் பிடிக்காத எஞ்சின் சூட்டில் உடனே பிடித்துவிடும், வாங்க வருகிறவனுக்கு அது தெரியக்கூடாது, அவ்வளவுதான் சூட்சுமம். வருகிறவர் மானிப்பாய்க் கிளரன்ஸ், கனடாவிலிருந்து வந்தவர், நெடுந்தீவுக்குச் சுற்றுலாக்காரரைப் பாயிலே கொண்டுபோகப் போகிறாராம். பாய் இருக்க எஞ்சின் எதற்கு என்று கேட்கலாம், காற்று விழுந்து நீரோட்டம் இழுக்கும்போது தெரியும் எதற்கென்று... சொல்லிவிடலாம், வாயை மூடிவைத்திருக்கும் பழக்கம் எனக்கு ஏது, ஆனால் லெனாட் என் மனிசனின் சித்தப்பா மகன், அதைவிட, படகு விலைப்பட்டால் என் மருமகன் வாகீசனுக்கு அதில் வேலை என்று பேசிவைத்திருக்கிறான். கலியாணம் முடித்த நாளிலிருந்து என் வீட்டுச் சாய்மனைக்கதிரையை விட்டு எழும்பாதவன், கரவெட்டித் தோட்டக்காரப் பிள்ளை, வெங்காயம் தெரியும், மீன் விலைகூடத் தெரியாது, உவனுக்காகத்தானே என் மகள் டிலக்ஷி ஒற்றைக்காலில் நின்றாள்... எழும்பி ஒரு வேலைக்குப் போனால் போதும் என்றிருந்தது எனக்கு.

கிளரன்ஸ் ஒன்றும் தெரியாதவர் இல்லை. பூசை முடியப் படகடிக்கு வந்ததும் எஞ்சினில் முதலில் புறங்கையை வைத்துப் பார்த்தார், குளிர்ந்திருந்தது, சாக்கின் புண்ணியம். அடியில் கடதாசி விரித்து ஒழுக்குப் பார்த்தார், பெல்ட்டை அமத்தினார், ஒயில் கம்பியை இழுத்து இரண்டு விரலால் துடைத்தார், அப்படியே நின்றார். வெளியை நனைக்கலாம், வயிற்றுக்குள் கிடக்கிற ஒயிலை எப்படி நனைப்பது... நிமிர்ந்து, இறங்குதுறையில் எட்டிப்பார்த்துக்கொண்டு நின்ற என்னைக் கேட்டார், லெனாட்டை அல்ல, என்னை. "அக்கா, ஒயில் இளஞ்சூடாக் கிடக்கு. விடிய ஆரும் இதை ஓட விட்டவையோ?" லெனாட் சுற்றிவைத்த கயிற்றையே திரும்பச் சுற்றத் தொடங்கினான். வேலை கேட்டுப் படகடியில் வந்து நின்ற வாகீசன் என்னைப் பார்த்தான். "ஞாயிற்றுக்கிழமையிலை எங்கடை கரையிலை ஒருத்தரும் எஞ்சினிலை கை வைக்கிறேல்லைத் தம்பி," என்றேன். எங்கள் வழக்கத்தைத்தானே சொன்னேன், பங்குத்தந்தையைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்... "ஓம், அதுவும் சரி. வெயில் சூடாக்கும்," என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார், எஞ்சினும் முதல் தரமே பிடித்தது, என்ன நடிப்பு அதற்கு.

"வெளியாலை ஒரு சுற்றுப் போய்ப் பாப்பம். தம்பி, நீரும் ஏறும்," என்று வாகீசனையும் கூப்பிட்டார் கிளரன்ஸ். வாகீசன் ஏறினான், "மாமி, போட்டு வாறன்," என்றான், பாய்மரத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தான். லெனாட் என் காதருகே, "மச்சாள், பின்னேரம் வாங்கோ, நல்ல நண்டு கிடக்கு," என்று குசுகுசுத்துவிட்டுத் தானும் தாவி ஏறினான். நண்டாம்... வெளியிலே எஞ்சின் நின்று ஆறிவிட்டால் மறுபடி பிடிக்காதே... இந்தக் கரையில் யார் வீட்டு நகை எங்கே கிடக்கிறது, யார் பெட்டை யாரோடு கதைக்கிறாள், எல்லாம் எனக்கு அத்துப்படி, என் சோற்றைத் தின்கிறவனுக்கு நீந்தத் தெரியுமா... கேட்டதேயில்லை, டிலக்ஷிக்காவது தெரியுமா, கரவெட்டியில் கிணறுதானே... திரும்பி வரச்சொல்லிக் கையை ஆட்டினேன், வழியனுப்புகிறேன் என்று நினைத்திருப்பான், பதிலுக்குக் கையைத் தூக்கப் பார்த்தான், பாய்மரத்தை விட முடியவில்லை போலும், தலையை மட்டும் ஆட்டினான்...