மூடி திரும்பியிருந்தது

கரண்டி வைப்பதற்காக மூடியின் ஓரத்தில் ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். அந்தப் பள்ளம் தன் பக்கம் இருக்கும்படிதான், தெருவோரம் சூப்பு விற்கும் சூப்பக்கா பானையை மூடுவாள். இருபது வருடப் பழக்கம், தூக்கத்தில் மூடச் சொன்னாலும் அப்படித்தான் மூடுவாள். அன்று காலை தெருமுனைக் குழாயிலிருந்து தண்ணீர்க் கேனோடு திரும்பியபோது பள்ளம் தெருவைப் பார்த்து இருந்தது. யாரோ பானையைத் திறந்திருக்கிறார்கள்.

வேறொருத்தியாக இருந்தால் ஒரு சொட்டு நாக்கில் விட்டு, என்ன கலந்திருக்கிறது என்று கண்டுபிடித்திருப்பாள். சூப்பக்காவால் அது முடியாது. ஐந்து மாதத்துக்கு முன் வந்த காய்ச்சல், போகிறபோது அவள் நாக்கின் ருசியையும் மூக்கின் வாசனையையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. எலும்பு சூப்பும் வெந்நீரும் அவளுக்கு ஒன்றுதான். புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. அந்த மனுஷன் வாய் ஓட்டை வாய், காலையில் சொன்னால் மத்தியானத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். ருசி தெரியாதவள் வைத்த சூப்பை எவன் காசு கொடுத்துக் குடிப்பான்? கடை படுத்தால் வீட்டு அடுப்பும் படுத்துவிடும். அதனால் ஸ்பூன் கணக்கில் சமைத்தாள். உப்பு ஒன்பது, மிளகுத்தூள் நான்கு. குடித்தவர்கள் "நல்லா இருக்குக்கா" என்றார்கள். அவள் ஒருவரையும் நம்பவில்லை.

மறுநாளும் மூடி திரும்பியிருந்தது. அதற்கு மறுநாளும்.

அந்தத் தெருவில் ஆளுக்கொரு நாடு, ஆளுக்கொரு பாஷை. இடப்பக்கம் ரொட்டிக்காரர், இவளுடைய மூலை இடத்தின் மேல் அவருக்கு ரொம்ப நாளாக ஒரு கண். எதிரே நூடுல்ஸ்காரர், போன மாதம் தானும் சூப்பு விற்க ஆரம்பித்தவர். வலப்பக்கம் மீன் வறுக்கிறவள், போன வருடம் வந்தவள். சிரிக்கவே மாட்டாள். சிரிக்காதவளை எப்படி நம்புவது?

மத்தியானக் கூட்டம் ஓய்ந்ததும் கடையைப் புருஷனிடம் விட்டுவிட்டு உளவு பார்க்கக் கிளம்பினாள். சும்மா போய் நின்றால் சந்தேகம் வரும் என்று எல்லாக் கடையிலும் வாங்கிச் சாப்பிட்டாள். ரொட்டி பல்லில் மொறுமொறுத்தது, அதற்கு மேல் அதைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. "பிரமாதம்!" என்று சொல்லிக்கொண்டே அலமாரிகளை நோட்டம் விட்டாள். ரொட்டிக்காரர் பூரித்துப்போய் இன்னொன்று கொடுத்தார். நூடுல்ஸில் மிளகாய் நாக்கைச் சுட்டது. ருசி போனாலும் எரிச்சல் மட்டும் போகவில்லை. ரொம்ப நாள் கழித்து வீட்டுக்கு விருந்தாளி வந்த மாதிரி இருந்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டே இரண்டு கிண்ணம் காலி பண்ணினாள். இருவர் முகத்திலும் கள்ளம் தெரியவில்லை.

மீன்காரி ஒரு துண்டைக் காகிதத்தில் வைத்துக் கொடுத்துவிட்டு, இடுப்பில் கை வைத்து இவள் வாயையே பார்த்தாள்.

"உப்பு சரியா இருக்காக்கா?"

"கச்சிதமா இருக்கு."

மீன்காரி சட்டென்று எண்ணெய்ச் சட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மடியில் கனம் இருப்பவளுக்குத்தான் வழியில் பயம், இவள்தான் என்று சூப்பக்கா முடிவு கட்டிவிட்டாள்.

மறுநாள் காலை கேனைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு நடந்தவள், சுற்றி வந்து ரொட்டிக்கடை மாவு மூட்டைகளுக்குப் பின்னால் குந்தினாள். ரொட்டிக்காரர் உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் மீன்காரி வந்தாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். மூடியைத் திறந்து ஒரு வாய் குடித்தாள். மடியிலிருந்து எதையோ அள்ளி இரண்டு தரம் போட்டுக் கலக்கினாள்.

சூப்பக்கா பாய்ந்து போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"என்னடி போட்ட என் பானையில? விஷமா?"

மீன்காரி கையை விரித்துக் காட்டினாள். "உப்புதான். ஒரு வாரமா உங்க சூப்புல உப்பே பத்தலக்கா."

"ஒம்பது ஸ்பூன் போடறேன், பத்தலையா?"

"எந்த உப்பு?"

சூப்பக்கா டப்பாவைப் பார்த்தாள். போன வாரம் பொடியுப்பு கிடைக்கவில்லை என்று கல்லுப்பு வாங்கியிருந்தாள். கல்லுப்பு ஸ்பூனில் இடைவெளி விட்டுத்தான் உட்காரும், அதே ஒன்பது ஸ்பூனில் உப்பு பாதிதான். நாக்கு இருக்கிறவள் முதல் வாயிலேயே கண்டுபிடித்திருப்பாள்.

மீன்காரி குரலைத் தாழ்த்தினாள். "நேத்து நான் குடுத்த மீன்ல உப்பு கிடையாது. வேணும்னுதான் போடல. நீங்க கச்சிதம்னீங்க."

சூப்பக்கா தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "யார்கிட்டெல்லாம் சொன்ன?"

"சொல்றதுக்கு எனக்கென்ன பைத்தியமா? உங்க வரிசையில நிக்கறவன்தான் எங்கிட்ட மீன் வாங்கறான். உங்க கடை படுத்தா எனக்கும் பொழப்பு போச்சு."

பாசம், இரக்கம் என்று ஏதாவது சொல்லியிருந்தால் சூப்பக்கா நம்பியிருக்க மாட்டாள். இது நம்பும்படியாக இருந்தது. எழுந்துபோய் ஒரு கிண்ணத்தில் சூப்பை ஊற்றி அவளிடம் நீட்டினாள்.

"குடிச்சுட்டு உள்ளதச் சொல்லு."

மீன்காரி ஊதி ஊதிக் குடித்தாள். அவசரப்படவே இல்லை.

"சுமார்தான்."

"என்னது?"

"உப்பு இப்ப சரி. மிளகுத்தூள் பழசு, வாசமே இல்ல. எலும்பு இன்னும் அரைமணி கொதிக்கணும். எத்தனை நாளா இப்படி வைக்கறீங்க?"

இருபது வருடத்தில் ஒருத்தரும் அப்படிச் சொன்னதில்லை. 'நேத்து வந்தவ, நீ எனக்குச் சொல்றியா' என்று வாய் வரைக்கும் வந்தது. வந்த கோபம் பாதியில் நின்று, கண்ணில் தண்ணீர் முட்டியது. ஐந்து மாதமாகக் கேட்ட அத்தனை பாராட்டிலும் அவளுக்குக் கிடைக்காத உண்மை இந்தச் 'சுமார்தான்' என்ற ஒரு சொல்லில் கிடைத்திருந்தது.

முந்தானையால் மூக்கைச் சிந்திவிட்டு அடுப்புத் தீயைக் கூட்டி வைத்தாள்.

"அவ்வளவுதானா? இன்னும் சொல்லு."