ஒடுக்குக்குக் கழிவு இல்லை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய நகை வாங்குகிற கடையில், பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு புருஷன் பெண்டாட்டியிடமிருந்து வந்தது. எனக்கு நடந்ததில்லை. எனக்கு நடந்தது என்று எழுதினால், எவ்வளவுக்குப் போச்சு என்று கேட்டுக்கொண்டு நாளைக்கே எவனாவது வாசலில் நிற்பான்.

படிப்பு எனக்கு அஞ்சாம் வகுப்போடு சரி. தப்பிருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். எனக்குச் சொல்லி அனுப்ப வேண்டாம்.

2

ஆரம்பத்தைப் பலவிதமாக எழுதிப் பார்த்தேன்.

"உருகிய தங்கம்போலக் காலை வெயில்..." (வேண்டாம். உருக்குவது பின்னால் வருகிறது.)

"அந்த வளையலுக்குப் பின்னால் ஒரு சோகம்..." (பொய். ஜோடியில் ஒரு வளையல் தொலைந்தது, அந்தம்மாவின் கை பருத்தது, மிச்சமிருந்தது பெட்டிக்குள் போனது. இதில் என்ன சோகம்?)

"அவர் வாயில் பல் இல்லை."

இது சரி. இதிலிருந்து போவோம்.

3

அவர் டிங்கர். அடிபட்டு வரும் வண்டிகளின் தகரத்தைத் தட்டித் தட்டி ஒடுக்கு எடுத்தே வயசைப் போக்கியவர். இப்போது பல் செட்டு கட்டியாக வேண்டும். மகள் பணம் அனுப்புகிறேன் என்றாள். "பொண்ணு காசுல மெல்ல மாட்டேன்" என்றுவிட்டார். அதன் பிறகுதான் அந்தம்மா பெட்டியைத் திறந்தாள்.

"இத வித்துருங்க. சும்மாதானே கெடக்கு."

"பாப்பா கடிச்ச வளையலாச்சே?"

"பாப்பாவுக்குத் தலை நரைச்சாச்சு. நீங்க கடிச்சுத் திங்கிற வழியப் பாருங்க."

மெல்லிசு வளையல். மகளுக்கு முதல் பல் முளைத்தபோது, அம்மா மடியில் கிடந்து அதையே கடிப்பாள். அந்த இடத்தில் நெல்லு நெல்லாக ரெண்டு ஒடுக்கு. அப்போது ஒரே ஒரு அறை, ஒரு ஜன்னல். பெயிண்ட் வாசனையோடு நான் உள்ளே வந்ததும் (தப்பு, அந்த 'நான்' என்பதை அடித்துவிட்டேன்) அவர் உள்ளே வந்ததும், "ஒடுக்கு போடறது இவ, எடுக்கறது நானா?" என்பார். என்ன புரிந்ததோ, குழந்தை எச்சில் ஒழுகச் சிரிக்கும். அந்தம்மா வளையலைப் புடவையில் துடைத்துக்கொண்டே அவளும்

(இந்த வாக்கியத்தை முடிக்க வரவில்லை. கிடக்கட்டும்.)

4

ஆள் யாரையும் நம்பாதவர். நகைக்கடைத் தராசுக்கு முன்னால் வேறொரு தராசு வேண்டுமென்று கிராம் கணக்கில் குங்குமப்பூ நிறுத்து விற்கிறவனிடம் போய் எடை போட்டார். அவனுக்கும் நகைக்காரர்களுக்கும் உறவு கிடையாது என்று விசாரித்த பிறகுதான். (எடையைக் கேட்காதீர்கள். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது.)

ஒடுக்கு விழுந்த வண்டிக்கு விலை குறைப்பார்கள். வளையலுக்கும் அப்படித்தான் என்று நினைத்து, சின்னச் சுத்தியலைத் தேடி எடுத்தார்.

"கைய எடுங்க."

"விலை குறையும்டி."

"குறைஞ்சா குறையட்டும். அந்த எடத்துல மட்டும் கை வைக்காதீங்க."

விற்கப் போகிறவளுக்கு அது எதற்கு? யோசித்துப் பார்த்தேன். தெரியாததை எழுதக் கூடாது.

5

முதல் கடைக்காரன் எடை போடாமலே, மூஞ்சியைப் பார்த்து விலை சொன்னான். அடுத்தவன் தராசு குங்குமப்பூக்காரன் சொன்னதை விடக் குறைத்துக் காட்டியது. அதற்கு மேல் அழுக்கு, பற்றவைப்பு என்று வேறு கழித்தான். மூன்றாவது கடையில்தான் எடை ஒத்துப்போனது. நான் இருந்த பெஞ்சு அங்கேதான்.

"எவ்வளவு சுத்தம்னு மெஷின்ல காட்டறேன் ஐயா. நம்பிக்கை இல்லேன்னா உங்க கண்ணு முன்னாடியே உருக்கறேன். வர்ற தங்கத்துக்கு முழுசா இன்னைக்கு ரேட்டு. ஆனா உருக்கிட்டா வளையல் திரும்பாது, கட்டிதான்."

"உருக்கு. மெஷினையும் மனுஷன்தானே செஞ்சான். சரி, ஒடுக்குக்கு எவ்வளவு கழிப்பே?"

"எந்த ஒடுக்கு?"

காட்டினார். அவன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தான்.

"இதுக்கெல்லாம் கழிவே கிடையாதுங்க."

"ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணுமே இல்லை."

சந்தோஷப்பட வேண்டிய மனுஷன் கத்தினார்: "நல்லாப் பாருய்யா! பல்லு பதிஞ்சிருக்கு! எதையாவது கழி!"

"ஏங்க, மானத்த வாங்காதீங்க" என்று அந்தம்மா கையைப் பிடித்தாள். பிறகு கடைக்காரனிடம், "தம்பி, ஒரு தரம் போட்டுப் பார்த்துட்டுத் தரேன்" என்றாள்.

சோப்பு போட்டாலும் ஏறாத வளையல் அது. இப்போது தானாக வழுக்கிக்கொண்டு உள்ளே போய், மணிக்கட்டில் தொளதொளவென்று ஆடியது. எதிரே உட்கார்ந்து தினமும் சாப்பிடுகிறவருக்கே, இவள் எப்போது இப்படி இளைத்தாள் என்று தெரியவில்லை. அவள் கட்டைவிரல், பார்க்காமலே அந்த ரெண்டு ஒடுக்கையும் தொட்டுவிட்டது.

உள்ளே நெருப்பு பற்றவைத்துவிட்டார்கள். அவள் கையை அவர் பக்கம் நீட்டினாள்.

"நீங்களே கழட்டுங்க."

6

கழற்றினார் என்று ஒரு முடிவு எழுதினேன். நியாயமான விலை, நல்ல பல் செட்டு. படித்தால் என் வீட்டு ஆளுக்கே பிடிக்கவில்லை. எழுந்து வெளியே வந்துவிட்டார்கள் என்று இன்னொன்று எழுதினேன். அவர் கஞ்சியோடு கிடக்க, அவள் அதைப் பார்த்துப் பார்த்து வளையலைத் திட்டுகிறாள். அதுவும் பிடிக்கவில்லையாம்.

எனக்குச் சலித்துவிட்டது. நீட்டின கை நீட்டினபடி இருக்கிறது. நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: கடைசியில் அவர் சிரித்தார் என்று எழுதினால், எந்தப் பல்லோடு சிரித்தார் என்பதையும் எழுதிவிடுங்கள்.