பதினான்காவது ஷரத்தின்படி பயிற்சி

1979-இல் போடியில் ஒரு லாட்ஜின் மாடியறையில் கையெழுத்தான ஏலக்காய் எஸ்டேட் ஒப்பந்தத்தில் பதினான்காவது ஷரத்துக்குத் தனி அழகு. 'தொழிலாளர்தம் திறன் ஓங்கிட நிர்வாகம் ஆண்டுதோறும் பயிற்சி நல்கும். அதில் தேறியவரே மேற்பதவிக்கு உரியவர்.' கூலி பற்றிய ஷரத்துகளில் தமிழ் இவ்வளவு ஓங்கவில்லை. அங்கே 'பரிசீலிக்கப்படும்' என்பதோடு சரி. சங்கச் செயலாளர் வீரையா கையெழுத்துப் போட்டுவிட்டுப் புரோட்டா சாப்பிடப் போனார்.

மூன்று வருடம் பயிற்சி ஒரு நோட்டாக மட்டுமே இருந்தது. மார்ச் கடைசியில் கங்காணி அதைத் தூக்கிக்கொண்டு வருவார். 'பயிற்சி பெற்றேன்' என்ற வரிக்கு எதிரே எல்லோரும் கைநாட்டு வைப்பார்கள். விரலில் மை காய்வதற்குள் திறன் ஓங்கிவிடும்.

நான்காம் வருடம், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் பொறுப்பாளர் வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊரான தேவாரத்துக்கே போய்விட்டார். அந்த இடம் தனக்குத்தான் என்று சந்திரவல்லி நினைத்ததில் தப்பில்லை. பதிவேட்டில் அவள் காய் எடுக்கும் கூலியாள். ஆனால் ஒன்பது வருடமாக ஸ்டோரில் அடுப்பு மூட்டியது, தட்டுகளில் பச்சைக்காய் பரப்பியது, எப்போது ஜன்னலைத் திறப்பது, எப்போது அடைப்பது என்று முடிவு செய்தது எல்லாம் அவள்தான். பொறுப்பாளர் பெரும்பாலும் பொறுப்பாகத் தூங்கினார். பதவி கிடைத்தால் மாதச் சம்பளம். மழையிலும் அட்டைக்கடியிலும் சரிவு ஏறாமல், கூரைக்குக் கீழே நிரந்தர வேலை.

மேனேஜரிடம் போய்க் கேட்டாள்.

"தேறுனவங்களுக்குத்தாம்மா பதவி. ஷரத்துல இருக்கு."

"மூணு வருசமா நோட்டுல கைநாட்டு வச்சிருக்கேனே சார்?"

"நோட்டுல வச்சா தேறுனதா ஆயிருமா? பயிற்சின்னா என்ன வெளையாட்டா?"

இத்தனை வருடம் விளையாடியது யார் என்று அவள் கேட்கவில்லை.

ஆக, நிஜமாகவே ஒரு பயிற்சி ஏற்பாடாயிற்று. பயிற்சி நிபுணர் ராஜாராம், மேனேஜரின் மைத்துனர். போடியில் சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவர், மதுரையில் பத்து நாள் ஏதோ வகுப்புக்குப் போய் நிபுணராகத் திரும்பியிருந்தார். டை கட்டிக்கொண்டு ஜீப்பிலிருந்து இறங்கினார். மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுத்திருந்ததால் டையில் காலை இட்லி கொஞ்சம் ஒட்டியிருந்தது.

"கழுத்துல என்னக்கா அது, மாட்டுக்குக் கட்டுன மாதிரி?" என்றாள் பக்கத்தில் இருந்த ராக்கு.

"சும்மா இருடி. என் சோலியக் கெடுத்துராத."

'மனிதனே மாபெரும் மூலதனம்' என்று நிபுணர் இரண்டு மணி நேரம் பேசினார். மூலதனங்களுக்குத் தரையில் உட்கார்ந்து கால் மரத்துப்போயிற்று. பிறகு செய்முறை. அன்றைக்கு எடுத்த காய் மொத்தத்தையும் தட்டுகளில் ஏற்றச் சொன்னார். அடுப்பில் விறகை அடுக்கச் சொன்னார்.

"ஜன்னல் எல்லாத்தையும் அடைங்க. சூடு வெளிய போகக் கூடாது."

சந்திரவல்லி எழுந்து நின்றாள். "சார், பச்சைக்காய் மொதல்ல ஆவி விடும். அது வெளிய போகணும். இல்லேன்னா காய் வெந்துரும், பச்சை நெறம் நிக்காது."

"இங்க பயிற்சி குடுக்கிறது யாரும்மா? நீயா, நானா?"

மேனேஜர் அவள் பக்கம் திரும்பினார். "அவரு சொல்றதச் செய். தேறணுமா, வேண்டாமா?"

தேற வேண்டும். ஒவ்வொரு ஜன்னலாக அவளே போய் அடைத்தாள். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக, தெரிந்தே.

மறுநாள் மதியம் தட்டுகளை இறக்கினார்கள். காய் அவித்த கடலை நிறத்தில் கிடந்தது. ஈரச் சாக்கு வாடை. போடி ஏலத்தில் அதைக் கையில் அள்ளிப் பார்க்கிறவன்கூட வேட்டியில் துடைத்துக்கொள்வான். நிபுணர் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

மாலைக்குள் ஸ்டோர் கதவில் உத்தரவு ஒட்டியாயிற்று. பயிற்சியின்போது ஜன்னல்களை அடைத்துச் சரக்கைக் கெடுத்தவர் சந்திரவல்லி, தேறவில்லை, இனி ஸ்டோருக்குள் அனுமதி இல்லை. தகுதியுள்ளவர் வேறு யாரும் இல்லாததால் பொறுப்பு ராஜாராமுக்கு.

சேதி கேட்டு வீரையா மலையேறி வந்தார். மேனேஜர் பங்களாவில் டீ குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தவரைச் சந்திரவல்லி வழிமறித்தாள்.

"அண்ணே, அந்தாளு சொல்லித்தானே அடைச்சேன்? அத்தன பேரும் பாத்தாங்களே."

"அத விடும்மா. மத்த எஸ்டேட்ல எல்லாம் இன்னும் நோட்டுலதான் பயிற்சி நடக்குது. நம்ம எஸ்டேட்லதான் நெசமாவே நடந்திருக்கு. சங்கத்துக்கு எவ்வளவு பெரிய வெற்றி!"

"எனக்கு?"

"நீயும் சங்கத்துல ஒரு ஆளுதானே ஆத்தா?" அவரை ஏற்றிக்கொண்டு மேனேஜரின் ஜீப்பு கிளம்பிவிட்டது. வெற்றி முன் ஸீட்டில் உட்கார்ந்து போனது.

திங்கட்கிழமை ராஜாராமின் முதல் லோடு. பத்து மணிக்கெல்லாம் ஸ்டோரின் எல்லாச் சந்திலிருந்தும் புகை வந்தது. டை இல்லாமல், கண்ணைக் கசக்கிக்கொண்டு, சரிவில் வழுக்கி வழுக்கி ஏறி வந்தார். சந்திரவல்லி செடியின் அடியில் குனிந்து காய் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஆத்தா, வெரசா வாங்க. அடுப்பு பொகையுது, என்ன செய்யிறதுன்னே தெரியல."

"நான் உள்ள வரக் கூடாதுன்னு கதவுல ஒட்டியிருக்கு சார்."

"நான்தான் சொல்றேன்ல, வாங்க!"

"நீங்க சொல்லித்தான் அன்னைக்கு ஜன்னல அடைச்சேன்."

கூடையை நகர்த்திக்கொண்டு அடுத்த செடிக்குப் போனாள்.