மூன்றாவது குழாய்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது ஆய்வகத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒரு பொருளில் என்ன இருக்கிறது என்று வரைபடம் போட்டுக் காட்டும் காந்த ஒத்ததிர்வுக் கருவியைப் பதினோரு வருடமாகக் கட்டி மேய்க்கிறவன் நான். அதன் காந்தம் இரும்பைப் பிடித்து இழுக்கும் என்பதால், சாவிக்கொத்தோடு யாராவது அந்த அறைக்குள் நுழைந்தால் விரட்டிவிட்டுத்தான் மறுவேலை. ஆனால் அன்று காலை எனக்கு வந்த கோபம் என் மச்சினிக்காக வந்தது.

என் மனைவியின் தங்கை அவள். கீழ்த்தளத்தில் ஆராய்ச்சிக்காக உயிர்ச்செல்களை வளர்க்கிறாள். கொழுப்பை அடியோடு நீக்கிய ஊட்டநீரில் வளர்த்தும் அவளுடைய செல்களுக்குள் கொழுப்பு ஏறிக்கொண்டே போனது. சர்க்கரையிலிருந்து செல்களே அதைச் செய்துகொள்கின்றன என்றாள். ஆய்வகத்தை நடத்தும் பேராசிரியர் உதட்டைப் பிதுக்கினார்.

"மறுபடியும் பிளாஸ்டிக்கா இருக்கும்மா."

அவர் சொன்னதற்குக் காரணம் இருந்தது. நான்கு மாதம் முன்பு, கழுவிய கண்ணாடிக் குழாய்கள் காயவில்லை என்று இவள் பிளாஸ்டிக் குழாயில் குளோரோஃபார்ம் ஊற்றிக் கொழுப்பைப் பிரித்தெடுத்தாள். பிளாஸ்டிக்கிலிருந்து கரைந்து வந்த சமாச்சாரம், என் கருவியின் வரைபடத்தில் கொழுப்பு நிற்க வேண்டிய அதே இடத்தில் ஒரு சிகரமாக ஜம்மென்று எழுந்து நின்றது. பேராசிரியர் அதை ஒரு கருத்தரங்கில் காட்டி மூக்குடைபட்டார். தப்பு பிளாஸ்டிக்கில் என்று பிறகு கண்டுபிடித்துத் தானே போய்ச் சொன்னவளும் இவள்தான். அதை மட்டும் எல்லோரும் வசதியாக மறந்துவிட்டார்கள்.

இந்தமுறையும் பிளாஸ்டிக் என்றால் திட்டத்திலிருந்து அவளை எடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார்.

"நான் அளந்து காட்டறேன் சார்," என்றேன்.

"நீங்க அவளோட அக்கா வீட்டுக்காரர் ஆச்சே."

எனக்குச் சுருக்கென்றது. பதிலுக்கு ஏதாவது எக்கச்சக்கமாகச் சொல்லியிருப்பேன். அதற்குள் மச்சினி முந்திக்கொண்டாள்.

"அத்தானுக்கு எதுவும் தெரிய வேணாம் சார். மூணு குழாய் தர்றேன். எதுல என்னன்னு எழுதி மூடின கவர்ல உங்ககிட்ட குடுத்துடறேன். அளந்து முடிச்சப்புறம் பிரிச்சுப் பாருங்க."

அவள் கையில் இருந்த துருப்புச்சீட்டு, சாதாரணக் கார்பனைவிடச் சற்றுக் கனமான கார்பனால் செய்த சர்க்கரை. அதை மூன்று நாள் செல்களுக்கு ஊட்டியிருந்தாள். அந்தச் சர்க்கரையிலிருந்து செல் கொழுப்பு செய்தால், கொழுப்பின் சிகரத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு சிகரங்கள் முளைக்கும், அம்மாவின் கையைப் பிடித்து நிற்கும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. பிளாஸ்டிக்குக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது.

மறுநாள் மூன்று குழாய்களோடு வந்தாள். "சாவியை வெளியவே வெச்சுட்டேன் அத்தான், கத்தாதீங்க," என்றாள். பேராசிரியர் கவரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

முதல் குழாயில் நடுச்சிகரம் மட்டும் இருந்தது. அவசரமாக அடுத்த குழாயை இறக்கினேன்.

இரண்டாவதில் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் கொழுகொழுவென்று. கணக்குப் போட்டேன். கொழுப்பில் நூற்றுக்கு முப்பத்தெட்டுப் பங்கு அந்த மூன்று நாளில் புதிதாகச் செய்தது.

மூன்றாவதில் சிகரம் எல்லாவற்றையும்விட உயரமாக, தன்னந்தனியாக நின்றது.

"இதோ பிளாஸ்டிக். நான் சொல்லல?" என்று பேராசிரியர் கவரைப் பிரித்தார். படித்தார். பிறகு காகிதத்தை என்னிடம் நீட்டினார்.

முதல் குழாய், சாதாரணச் சர்க்கரை தின்ற செல்கள். இரண்டாவது, கனச் சர்க்கரை தின்ற செல்கள். மூன்றாவது, செல்லே கிடையாது. பிளாஸ்டிக் குழாயில் ஊற்றி வைத்த வெறும் குளோரோஃபார்ம்.

"இது எதுக்கும்மா?" என்றார்.

"அன்னைக்கு நான் பண்ணின தப்பு எப்படி இருக்கும்னு பக்கத்துலயே தெரியணும் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அறிக்கையில முதல் ரெண்டு போதும். மூணாவதை விட்டுடலாம். உன் பேரு கெடும்."

"போடுங்க சார். இன்னொருத்தர் இதைக் கொழுப்புன்னு நம்பி ஏமாறக் கூடாது. யார் பண்ணின தப்புன்னும் எழுதிடுங்க."

பேராசிரியர் என் கையிலிருந்த காகிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அன்னைக்கு அந்தக் கருத்தரங்குல உன் பேரைச் சொல்லி, பழியை உன் மேல போட்டுத்தான் நான் தப்பிச்சேன்," என்றார் தாழ்ந்த குரலில். "அடுத்த மாசம் அதே ஆளுங்க கூடறாங்க. நான் பேசல. மூணு படத்தையும் நீயே காட்டு."

அவள் சரியென்று தலையாட்டிவிட்டுக் குழாய்களை எடுத்துக்கொண்டாள். எனக்குத்தான் பெருமை தாங்கவில்லை. எத்தனையோ பெரிய மனிதர்களின் குழாய்கள் இந்தக் காந்தத்துக்குள் இறங்கி ஏறியிருக்கின்றன. தன் தப்பையும் சேர்த்து அளக்கக் கொடுத்தவள் இவள் ஒருத்திதான்.