கத்திரிக்காய்ப் பொத்தான்

கணினித் திரையில் ஒரு சின்னப் படத்தைத் தொட்டால் வேலை நடந்துவிடுகிறது என்று இப்போது வியக்கிறார்கள். மலாய் நாட்டில், எங்கள் காஜா பேராங்கில் நான் அதை 1962-லேயே செய்துவிட்டேன். அதுவும் பசையை வைத்து.

அப்போது எனக்கு அங்கே ஒரு காப்பிக்கடை. ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் துணி வியாபாரிகளிடையே வளர்ந்தவன் என்பதால், பேரம் பேசி முன்பணமே இல்லாமல் ஒரு பாட்டுப்பெட்டியைக் கடைக்குள் வரவழைத்திருந்தேன். காசு போட்டுப் பொத்தானை அழுத்தினால் உள்ளே இசைத்தட்டு சுழலும். பெட்டி சிரம்பான் ஏஜெண்ட் சேதுராமனுடையது. "ஒரு மாசம் பார்ப்பேன் கருணாகரன். பாடலைன்னா செமாபோக்குக்குத் தூக்கிட்டுப் போயிடுவேன்" என்றார். பக்கத்து ஊரான செமாபோக்கில் காப்பிக்கடை வைத்திருந்த ஏகாம்பரம் அதற்காகவே காத்திருந்தான். பெட்டி போனால் என் கூட்டமும் பின்னாலேயே போகும்.

பெட்டி பாடவில்லை. பொத்தான்களில் வெறும் எண்கள். எந்த எண்ணுக்கு எந்தப் பாட்டு என்பது கண்ணாடிக்குள் ஆங்கிலத்தில். லோரி ஓட்டும் பொன்னுதுரை காசைப் போட்டுவிட்டு, தேத்தண்ணி கேட்பதுபோல் வாயால் கேட்டான்: "சோகமா ஒண்ணு. சத்தம் கொஞ்சம் கொறைச்சு."

பெட்டி சும்மா இருந்தது.

"உங்க மாதிரியே இருக்குண்ணே. காசு உள்ள போனதும் பேச்சக் காணோம்" என்றான்.

நானே பக்கத்தில் நின்று அழுத்திக் கொடுத்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். கம்போங் செட்டிக் குடியிருப்பிலிருந்து வரும் இராமலிங்கத்துக்குப் பெயர்தான் தமிழ். பேச்சும் படிப்பும் மலாய். தலையைச் சாய்த்து அதைப் பார்த்தவர், "தம்பால் காம்பார் லா, தம்பி" என்றார். படத்தை ஒட்டு என்கிறார்.

பழைய காலண்டர்ப் படங்களை வெட்டிப் பொத்தான்களில் ஒட்டினேன். ஓடப் பாட்டுக்கு ஓடம், மழைப் பாட்டுக்குக் குடை. நிலாதான் படுத்தியது, தமிழிலும் மலாயிலும் பாதிப் பாட்டில் அது இருந்தது. முழு நிலா, பிறை, மேகத்துக்குள் நிலா என்று பங்கு போட்டேன். கடைசியில் பொன்னுதுரையின் சோகப் பாட்டுக்குப் படமே மிஞ்சவில்லை. விதைக்கடைக் காலண்டரில் இருந்த கத்திரிக்காயை ஒட்டினேன்.

"என் ஆளு விட்டுட்டுப் போனதுக்குக் கத்திரிக்காயா?" என்று முறைத்தான். முறைத்துக்கொண்டே அழுத்தினான். கொஞ்ச நாளில் பாட்டின் பெயரே எல்லோருக்கும் மறந்துபோய், "அந்தக் கத்திரிக்காயப் போடு" என்றார்கள்.

ஆனால் முதலில் பெட்டி ஊமையாகக் கிடந்த கதைதான் சிரம்பானுக்குப் போயிருந்தது. மாதக் கடைசியில் சேதுராமன் லோரியோடும் இரண்டு மலாய்க்காரச் சுமையாட்களோடும் வந்து நின்றார். படங்களைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"கம்பெனிப் பொருள்ல காய்கறிக் கடை போட்டிருக்கீங்க" என்றவர், ஆட்களிடம் தூக்கச் சொன்னார்.

அவர்கள் குனிந்த நேரம் இராமலிங்கம் உள்ளே வந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் கையை நீட்டிக் காசைப் போட்டு, பார்க்காமலே பிறையை அழுத்தினார். மலாய்ப் பாட்டு கிளம்பியது. சுமையாள் ஒருவன் நிமிர்ந்தான். படங்களை மேலும் கீழும் பார்த்தான். தன் சட்டைப்பையிலிருந்தே காசு எடுத்துக் குடையை அழுத்தினான். மற்றவன் ஓடத்துக்குப் போனான்.

"பாட்டு முடியட்டும்" என்றார் சேதுராமன். முடிந்தால்தானே? அதற்குள் பொன்னுதுரையின் கத்திரிக்காயும் வரிசையில் சேர்ந்திருந்தது.

சேதுராமன் நாற்காலியை இழுத்துப்போட்டுத் தேத்தண்ணி கேட்டார். விலை பேசுமுன் உட்கார்ந்துவிட்டவன் பாதி இறங்கிவிட்டான் என்பது துணிக்கடையில் வளர்ந்த எனக்கு நடை வருமுன்னே தெரியும்.

"செமாபோக்குல ஏகாம்பரத்துக்கு வேற பெட்டி வைக்கப்போறேன். அதுக்கும் இதே மாதிரி படம் ஒட்டித் தருவீங்களா?"

"இது இங்கயே நிக்குமா?"

"நிக்கும்."

"நிலா மூணும் தாரேன், குடையும் தாரேன்." தேத்தண்ணியை அவர் முன்னால் வைத்தேன். "கத்திரிக்காய் மட்டும் தர மாட்டேன்."