பேசும் நங்கூரத்தின் கடைசிப் பிரதி

கண்ணாடிக் கடைக்காரருக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. தூரப் பார்வைக்குக் கண்ணாடி கேட்டு வந்த தபால்காரரிடம் படிக்கிற கண்ணாடியை எடுத்து நீட்டினார். அவர் அதைப் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, தெருவே கரைஞ்சு போச்சு!" என்றார். மன்னிப்புக் கேட்டு மாற்றிக் கொடுத்தார். கொடுத்த கையோடு மேஜை இழுப்பறையைத் திறந்து கைபேசியைப் பார்த்தார். மூடினார். மூடிய கையை எடுப்பதற்குள் மறுபடியும் திறந்தார்.

இழுப்பறைக்குள் ஓர் ஏலம் நடந்துகொண்டிருந்தது. பழைய படக்கதைப் புத்தகங்களை வாங்கி விற்கிறவர்களின் குழு அது. யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. சின்ன வயதில் படித்ததை மறுபடி தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டுச் சேர்ந்தவர்கள் பாதி. இன்று வாங்கி நாளை விற்றால் லாபம் என்று சேர்ந்தவர்கள் மீதி. நம்மவர் முதல் பாதியில் நுழைந்து இரண்டாவது பாதிக்கு மாறியவர். அங்கே அவர் பெயர் 'வாசகன்'. அவர் எதையும் வாசித்து வருஷக்கணக்கில் ஆகிறது என்பது வேறு விஷயம்.

ஏலத்துக்கு வந்த புத்தகம் 'பேசும் நங்கூரம்'. வெளிவந்த காலத்தில் அதை யாரும் சீந்தவில்லை. பெரும்பாலும் எடைக்குப் போய்விட்டது. அதனாலேயே இப்போது எங்கேயும் கிடைப்பதில்லை, கிடைக்காததாலேயே எல்லோருக்கும் வேண்டியிருக்கிறது. காலையில் அட்டைப் படத்தைப் போட்டு, "இதுவே கடைசிப் பிரதி. இனி எங்கும் கிடைக்காது. இரவு எட்டு மணிக்கு ஏலம் முடியும்" என்று 'வாசகன்' எழுதியிருந்தார்.

கடைசிப் பிரதியாம்! கண் பரிசோதனை அறையில், எழுத்துப் பலகைக்குப் பின்னால் இருந்த அலமாரியில், சணல் கயிறு போட்ட ஒரு கட்டு இருந்தது. அத்தனையும் பேசும் நங்கூரம். பழைய பேப்பர்க்காரர் ஒருவர் தன் கண்ணாடிக்குப் பதிலாகக் கொடுத்துவிட்டுப் போனது. கட்டை மொத்தமாக அவிழ்த்தால் விலை படுத்துவிடும் என்று நம்மவருக்குத் தெரியாதா? இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக வெளியே விட்டார். இதுவரை இரண்டு 'கடைசிப் பிரதிகள்' விற்றாயிற்று. கேட்பவர்கள் சுணங்கினால் விலையை ஏற்றிவிட இன்னொரு கைபேசியும், 'கழுகு' என்று இன்னொரு பெயரும் வைத்திருந்தார். அவரே விற்பார், அவரே கேட்பார். கட்டு தீர்வதற்குள் கண் பரிசோதிக்கும் புது இயந்திரம் வாங்கிவிடலாம் என்பது அவர் கணக்கு.

இன்று கழுகுக்கு வேலையே இல்லை. 'புதையல்' என்று யாரோ ஒரு புது ஆள் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். மதியத்துக்குள் விலை கடையின் இரண்டு மாத வாடகையைத் தாண்டிவிட்டது.

சாப்பாட்டு நேரம் முடிந்ததும் தங்கை வந்தாள். வீட்டில் சமையலறைக்குப் பக்கத்துச் சந்தில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு, ஊராருக்குத் துணி தைத்துக் கொடுப்பவள்.

"அண்ணா, ஊசியில நூல் கோக்க முடியல. கோத்துட்டேன்னு நினைச்சு இழுத்தா ஊசி ஒரு பக்கம் நிக்குது, நூல் ஒரு பக்கம் வருது."

அவளைப் பரிசோதனை நாற்காலியில் உட்கார வைத்தார். மூக்கின் மேல் கனமான பரிசோதனைச் சட்டத்தை மாட்டி, ஒவ்வொரு வில்லையாகப் போட்டுப் பார்த்தார். "கடை பாத்திருக்கேன்னு சொன்னியே, என்னாச்சு?"

"பாத்தது பாத்தபடி இருக்கு. முனையில, பெரிய ஜன்னலு. பகல்ல லைட்டே வேண்டாம். நாளைக்கு அட்வான்ஸ் கொடுக்கலன்னா வேற ஆளுக்குன்னு ஓனர் கறாராச் சொல்லிட்டாரு. இவரு என்னடான்னா அந்தப் பணத்தைப் போட்டு ஏதோ பழைய படப் புஸ்தகம் வாங்கப் போறாராம். இவருகிட்ட வண்டி ஓட்டக் கத்துக்க வந்த ஆளு ஒருத்தன் ஏத்தி விட்டிருக்கான், ரெண்டே மாசத்துல டபுளாயிடும்னு. நங்கூரம் பேசுமாம்ண்ணா! இவரு 'புதையல்'னு பேரு வச்சுக்கிட்டு, காலையிலேருந்து போனும் கையுமா உக்காந்திருக்காரு."

கடைக்காரர் கையிலிருந்த வில்லை நழுவித் தரையில் உருண்டது.

"நீ கொஞ்சம் சொல்லேன்ண்ணா. நீ சொன்னா கேப்பாரு."

"சொல்றேம்மா. எட்டு மணிக்கு வா, கண்ணாடி ரெடியா இருக்கும்."

அவள் தலை மறைந்ததும், அவள் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளிக்குப் போன் போட்டார். "மாப்பிள்ளை, அந்தப் படப் புஸ்தகம் வேண்டாம். சொன்னாக் கேளுங்க."

"ஏன் மச்சான்?"

ஏன் என்று எப்படிச் சொல்வது? "அது... அவ்வளவு விலை பெறாது."

"கண்ணாடி விக்கிறவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? கடைசிப் பிரதி மச்சான். அவ சின்ன ரூமுக்கு ஆசைப்படுறா. இது மட்டும் கைக்கு வரட்டும், ரெண்டு ஜன்னல் வச்ச ரூமாவே பிடிச்சுத் தர்றேன்" என்று சொல்லி, அந்தப் பக்கம் கிளச்சை மிதிக்காமல் கியர் போட்ட யாரையோ திட்டிக்கொண்டே மாப்பிள்ளை வைத்துவிட்டார்.

கடைக்காரர் அறைக்கும் வாசலுக்குமாக நடந்தார். மாப்பிள்ளை மட்டும் தப்பினால் போதும். மற்றவர்கள் எக்கேடு கெட்டால் என்ன? கழுகை எடுத்தார். மாப்பிள்ளை எட்டமுடியாது என்று நினைத்த ஒரு தொகையைப் போட்டார். மூச்சு விடுவதற்குள் புதையல் அதற்கும் மேலே போட்டது. கழுகு இன்னும் ஏறியது. புதையலும் ஏறியது. "கழுகு அண்ணன் இப்படி அடிச்சுக்கிறாருன்னா சரக்கு அப்படி!" என்று குழுவில் யாரோ கை தட்டினார்கள். கீழே இழுக்கப் போன கையே விலையை மேலே தள்ளிவிட்டது. கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

சரி, ஏலத்தையே நிறுத்திவிடுவோம் என்று, "விற்பனை ரத்து. பிரதியைத் தருவதாக இல்லை" என்று எழுதினார். அது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது போலாயிற்று. தருவதாக இல்லை என்றால் எவ்வளவு அரிதாக இருக்க வேண்டும்! ஆளாளுக்குத் தனியாகக் கெஞ்சத் தொடங்கினார்கள். "ரத்து பண்ணாதீங்க சார், நான் தனியா வந்து மொத்தமாத் தர்றேன்" என்றது புதையல். இன்னொருவர் எழுதியிருந்தார்: "என் கேமராவை விற்க ஆள் பார்த்திருக்கிறேன். கல்யாண வீடுகளில் படம் எடுக்கிற கேமரா. ஒரு மணி நேரம் மட்டும் பொறுங்கள்."

இந்தக் கடைசி வரியைக் கடைக்காரர் திரும்பத் திரும்பப் படித்தார். கேமராவை விற்றுவிட்டு அந்த ஆள் நாளைக்கு எதை வைத்துப் பிழைப்பான்? அவனுக்கும் ஒரு மச்சான் எங்கேயோ இருப்பானே! முதலிரண்டு பிரதிகளை வாங்கியவர்கள் எதை விற்று வாங்கினார்களோ? அவர் அதைக் கேட்டதே இல்லை. கேட்கத் தோன்றியதும் இல்லை. அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

தங்கையின் வில்லைகளைத் தேய்க்க உட்கார்ந்தார். இரண்டு முறை கை பிசகி, மூன்றாவது வில்லைதான் சட்டத்தில் உட்கார்ந்தது. இடையிடையே அலமாரியைப் பார்த்துக்கொண்டார். அவர் வாங்க நினைத்த புது இயந்திரமே உள்ளே கயிறு கட்டிக் கிடந்தது. அவிழ்த்தால் போச்சு.

எட்டு மணி நெருங்கியபோது கயிற்றை அவிழ்த்தார். கண்ணாடி மேஜையிலிருந்த சட்டங்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு, பேசும் நங்கூரங்களை வரிசையாகப் பரப்பினார். மேஜை போதாமல் நாற்காலியிலும் வைத்தார். படம் எடுத்துக் குழுவில் போட்டு எழுதினார்: "இத்தனையும் என்னிடம் இருக்கின்றன. கடைசிப் பிரதி என்று நான் சொன்னது பொய். கழுகும் நான்தான். முன்பு வாங்கிய இருவரும் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்." கூடவே கடை விலாசத்தையும் போட்டார். அனுப்பியும் விட்டார்.

குழுவில் வசவு கொட்டியது.

கொஞ்ச நேரத்தில் தலையில் 'கற்பவர்' பலகை வைத்த கார் ஒன்று கடை வாசலில் கிறீச்சிட்டு நின்றது. மாப்பிள்ளை உள்ளே பாய்ந்தார். "மச்சான், நீங்களா? என்னையே ஏமாத்தப் பாத்தீங்களே!"

"பாத்தேன் மாப்பிள்ளை. உங்களைன்னு தெரியாமப் பாத்தேன். தெரிஞ்சதுக்கப்புறம் என்னால முடியல."

"அப்போ தெரியாத ஆளா இருந்தா?"

மாப்பிள்ளை கோபம் தாங்காமல் ஒரு பிரதியை எடுத்து, நாலைந்து பக்கம் புரட்டினார். பிறகு நின்றபடியே முழுவதையும் படித்தார். அந்தக் குழுவிலேயே அதைப் படித்த முதல் ஆள் அவராகத்தான் இருக்கும். "கதை நல்லாவே இல்லையே மச்சான்! இந்த நங்கூரம் கடைசி வரைக்கும் வாயே தொறக்கல" என்றார் பரிதாபமாக.

அந்த நேரத்தில் தங்கை வந்தாள். இரண்டு பேரின் முகத்தையும் பார்த்தாள், பரப்பியிருந்த புத்தகங்களைப் பார்த்தாள். அண்ணன் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, புதுக் கண்ணாடியை எடுத்து அவளிடம் நீட்டினார். புதுக் கண்ணாடிக்காரர்களிடம் எப்போதும் படித்துப் பார்க்கக் கொடுக்கிற எழுத்து அட்டையை எடுக்க அவருக்குக் கை வரவில்லை. அவளே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு புத்தகத்தை எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். அட்டை மூலையில் பொடி எழுத்தில் என்னவோ அச்சடித்திருந்தது. காலையிலிருந்து அத்தனை பேர் அந்த அட்டையைப் பார்த்தும் ஒருவர் கண்ணிலும் படாதது. எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஒரு தீப்பெட்டி வாங்கக்கூடக் காணாத தொகை.

"கண்ணாடியில நல்லாத் தெரியுதுண்ணா" என்றாள். "இதோ போட்டிருக்கே, இதுதான் புஸ்தகத்தோட விலை. ஆசைப்பட்டவங்க மேல கொஞ்சம் போட்டுக் கொடுத்தா, அது அவங்க ஆசையோட விலை. அதுல தப்பில்ல. அதுக்கும் மேல நீ வாங்கினது எல்லாம் உன் பொய்யோட விலை. இருக்கிறதை ஒளிச்சு வச்சு இல்லைன்னு சொல்றவன் பொருளை விக்கல, அடுத்தவங்க வீட்டு ஜன்னலை அடைக்கிறான். இன்னிக்கு அது என் ஜன்னல்ங்கிறதாலதான் உனக்கு மூச்சு முட்டுச்சு."