கோலரும் முனியசாமியும்

மணிமாறன் கொண்டுவந்த நான்கு படங்களிலும் குழந்தை கண்ணை மூடியிருந்தது. பாஸ்போர்ட் படத்தில் கண் திறந்திருக்க வேண்டும், காது தெரிய வேண்டும், பின்னால் வெள்ளையாக இருக்க வேண்டும். இருபத்துமூன்று நாள் ஆன ஒருத்திக்கு இதையெல்லாம் யார் சொல்லிப் புரியவைப்பது? “படம் செல்லாது தம்பி, சனிக்கிழமை பிள்ளையத் தூக்கிட்டு வாங்க, பக்கத்து ஸ்டூடியோல எடுத்துக்கலாம். பாரத்த இப்பவே அடிச்சு வச்சிடுறேன்” என்றேன். அவன் தலையாட்டிவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். வியாழக்கிழமை மாலை. டியூட்டி முடிந்து சட்டையைக்கூட மாற்றாமல் வந்திருந்தான்.

அமீரகத்து அல் ஐனில் பழைய பஸ் நிலையத்துக்குப் பின்சந்தில் பத்தொன்பது வருடமாக டைப்பிங் சென்டர் நடத்துகிறேன். அடுத்தவர் வாழ்க்கையைக் கட்டம் கட்டமாக நிரப்பிக் கொடுப்பது என் தொழில். கேட்ட கேள்விக்கு அவர்கள் பதில் சொல்வார்கள், நான் அடிப்பேன். கேட்காத கேள்விக்கும் சொல்வார்கள், அதை அடிக்கக் கட்டம் கிடையாது. இந்தக் கட்டங்களிலேயே எனக்குப் பிடிக்காத ஒன்று உண்டென்றால் அது குடும்பப் பெயர். அடுத்தவன் அளவுக்குத் தைத்த சட்டை அது. நமக்கு இருப்பது ஒரு பெயர், அதற்கு முன்னால் அப்பா பெயரின் முதல் எழுத்து, அவ்வளவுதான். காலியாக விட்டால் பின்னாடி விமான நிலையத்தில் தொல்லை வரும் என்பதால், அந்த ஒற்றை எழுத்தை விரித்து, அப்பாவின் முழுப் பெயரையும் குடும்பப் பெயர் என்று அடித்துவிடுவோம். என் வாப்பா சதக்கத்துல்லா, அதனால் நான் ராஜிக் சதக்கத்துல்லா. என் மகள் ஆமிரா ராஜிக். அவள் பிள்ளைகளின் பாஸ்போர்ட்டில் நானும் இருக்க மாட்டேன். கீழக்கரையில் எங்கள் வீட்டில் இது யாருக்கும் ஒரு குறையாகத் தெரிந்ததில்லை.

ஆகவே மணிமாறனிடம் எதுவும் கேட்காமலே, பெயர் யாழ்மொழி, குடும்பப் பெயர் மணிமாறன் என்று அடித்தேன். அவன் திரையைப் பார்த்துச் சரி என்றான். சொன்ன விதத்தில் ஒரு நிம்மதி இருந்தது. அதற்குக் காரணம் எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருடத்துக்கு முன் அவன் கமுதிப் பக்கத்திலிருந்து ஹெல்ப்பராக வந்து இறங்கியபோது அவன் விசாக் காகிதங்களை அடித்தவனும் நான்தான்.

அவன் வேலை செய்வது ஒரு ஜெர்மன் கம்பெனியில். கழிவுநீர் நிலையங்களின் பம்புகளைப் பராமரிக்கிறவர்கள். அங்கே மரியாதை என்றால் குடும்பப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது. இவன் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் முனியசாமி, அவன் அப்பா பெயர். வந்த முதல் நாளே கேட் பாஸில் முனியசாமி என்று அச்சாகிவிட்டது. ஜெர்மன்காரர்களுக்கு அது மிஸ்டர் முனியசாமி, மலையாளிகளுக்கும் பாகிஸ்தானிகளுக்கும் முனி. வயர்லெஸ்ஸில் ஒரு நாளைக்கு நாற்பது தடவை “முனி, முனி” என்று அலறும். இவனும் “சொல்லுங்க” என்று ஓடுவான். தன் பெயரைக் கேட்க வேண்டுமானால் வீட்டுக்குத்தான் போக வேண்டும். ஹெல்ப்பர் ஃபிட்டராகி, ஃபிட்டர் சூப்பர்வைசராகி, குடும்ப விசா வாங்கி உமாராணியைக் கூட்டிவந்த பிறகும் அவன் முனிதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த முனியசாமியோடு அவனுக்குப் பேச்சே கிடையாது. அவர் கரிமூட்டம் போடுகிறவர். சீமைக்கருவேலங்கட்டையை வட்டமாக அடுக்கி, வைக்கோலும் மண்ணும் பூசி மூடி, உள்ளே நெருப்பு வைத்துவிட்டு ஒரு வாரம், பத்து நாள் காவல் கிடக்க வேண்டும். எங்காவது மண் விரிசல் விட்டுக் காற்று புகுந்தால் கட்டை கரியாகாது, சாம்பலாகிவிடும். பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையன்று காலையில் மூட்டம் ஒருபக்கம் பிளந்துகொண்டது. அப்பா இவனைப் போகவிடவில்லை. மண்ணள்ளிப் போட்டு, தண்ணீர் சுமந்து, எல்லாம் அடங்கியபோது மதியம். அப்படியே பள்ளிக்கூடத்துக்கு ஓடியிருக்கிறான். மூக்குவரை கரி. வாசலில் இருந்தவர் இவனை யாரென்றுகூடக் கேட்காமல் விரட்டிவிட்டாராம். “திரும்ப எழுதியிருக்கலாமே தம்பி” என்று ஒருமுறை கேட்டேன். “எழுதல பாய். வைராக்கியம்” என்றான். அதற்குப் பிறகு அப்பாவுடன் பேச வேண்டியதை அம்மா நாகவள்ளி வழியாகப் பேசினான். ஆறு வருடத்துக்கு முன் நாகவள்ளி இறந்தபோது லீவு போட்டுப் போய், அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று எல்லாக் காரியமும் செய்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்தான். பாவமாகத்தான் இருந்தது. யார் மேல் என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை காலையில் மூன்று பேரும் வந்தார்கள். ஸ்டூடியோக்காரர் கையைத் தட்டியும் சாவியை ஆட்டியும் பார்த்துவிட்டு, கடைசியில் உமாராணி குழந்தையின் பாதத்தில் சுண்டியதும் ஒரு நொடி கண் திறந்ததைப் பிடித்துவிட்டார். படத்தை ஸ்கேன் செய்து ஏற்றினேன். பாஸ்போர்ட் அலுவலகத்தில் திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கியிருந்தேன். அனுப்பும் பொத்தானை அமுக்கப் போனபோது மணிமாறன், “பாய், அந்தக் கடைசிப் பேர ஒரு நிமிசம் நிறுத்துங்க” என்றான்.

உமாராணி பெருமூச்சு விட்டாள். “நேத்துலருந்து இதே பேச்சுதான் பாய். அந்த கோலர் சார் என்னத்தையோ சொல்லிட்டாரு.”

கோலர் அவனுடைய மேனேஜர். ஆறடிக்கு மேல் இருப்பார், வெயிலில் சிவந்துபோன பிடரி. வெள்ளிக்கிழமை ஆபீசில் மணிமாறன் எல்லோருக்கும் லட்டு கொடுத்திருக்கிறான். கோலர் பிள்ளையின் பெயரைக் கேட்டு, முழுப் பெயரையும் கேட்டு, குழம்பிப் போயிருக்கிறார். நீ முனியசாமி, உன் மகள் எப்படி மணிமாறன்? அவள் பிள்ளை வேறு யாராகவோ இருக்குமா? அப்படியானால் உங்கள் குடும்பம் எது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? இவன் விளக்கிச் சொல்ல, அவர் தன் கதையைச் சொல்லியிருக்கிறார்.

“அறுநூறு எழுநூறு வருசத்துக்கு முன்னால அவுக ஊர்லயும் நம்மள மாதிரி ஒத்தப் பேருதானாம் பாய்” என்றான் மணிமாறன். “ஊரு பெருசாயிப்போயி, தெருவுக்கு நாலு ஹான்ஸ்னு ஆயிருச்சு. வரி எழுத வந்தவன் எந்த ஹான்ஸ்னு கேட்டிருக்கான். மாவரைக்கிற ஹான்ஸ், வண்டி செய்ற ஹான்ஸ், காட்டுல கரி சுடுற ஹான்ஸ்னு சொல்லிருக்காக. அதையே எழுதிட்டான். கோலர்னா கரி சுடுறவன். அவரு வம்சத்துல கடைசியா யாரு கரி சுட்டதுன்னு அவருக்கே தெரியாதாம். பேரு மட்டும் நின்னுருச்சு.”

நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. கை சும்மா இருக்கவில்லை, பக்கத்துக் கணினியில் தேடிப் பார்த்தேன். உண்மைதான். எழுத்து ஒன்றிரண்டு மாறி மாறி, கோலர்கள் பல்லாயிரக்கணக்கில் இருக்கிறார்கள். டெலிபோன் புத்தகத்தை வைத்து யாரோ ஒரு வரைபடம்கூடப் போட்டிருந்தார்கள். ஜெர்மனியின் கிழக்கே மலைக்காடுகள் இருக்கும் பக்கம் நிறம் அடர்த்தியாக இருந்தது, மற்ற இடங்களில் தூவிவிட்டாற்போல. பல் டாக்டர் கோலர், வக்கீல் கோலர், பேக்கரி கோலர். ஒருத்தர் கையிலும் கரி இல்லை. அந்தக் காலத்தில் காட்டில் தனியாகக் கிடந்து முகம் கறுத்துப்போன அந்த ஆட்களை ஊருக்குள் அவ்வளவாகச் சேர்த்துக்கொள்ளவில்லை என்றும் போட்டிருந்தது.

நம் பக்கம் தொழிலைப் பெயருக்குப் பின்னால் ஒட்டினால் அது தொழிலாக இருக்காது, சாதியாகிவிடும். கேட்டவுடன் எந்த டம்ளரில் தண்ணீர் கொடுப்பது என்று முடிவு செய்துவிடுவார்கள். அதனால்தான் வாலை வெட்டினோம், நல்ல காரியம்தான். ஜெர்மன்காரனுக்கு அந்தத் தொல்லை இல்லை. கரி சுட்டவன் பெயரைக் கோட்டில் குத்திக்கொண்டு மீட்டிங்கில் உட்காரலாம். எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது என்று ஒத்துக்கொள்கிறேன்.

“பெருமையாச் சொன்னாரு பாய்” என்றான் மணிமாறன். “சொல்லிட்டு என்னயக் கேட்டாரு, ஒங்கப்பா என்ன செய்றாருன்னு.”

“என்ன சொன்னீங்க?”

“விவசாயம்னேன்.”

சொல்லிவிட்டு மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகியிருந்த பழைய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். “பன்னண்டு வருசமா ஆபீசுல எல்லார்ட்டயும் அதத்தான் சொல்றேன். வாய் பழகிப்போச்சு. அந்தாளு அறுநூறு வருசத்துக்கு முந்தி செத்தவன் கரி சுட்டான்னு சொல்லிச் சிரிக்கிறாரு. உசுரோட சுட்டுக்கிட்டு இருக்க எங்கய்யாவ நான் மறைக்கிறேன். ராத்திரி பூரா ஒறக்கமில்ல பாய்.”

“அதுக்கு? மன்னிச்சாச்சா?” என்றேன். கேட்டிருக்கக் கூடாதுதான்.

“அதெல்லாம் இல்ல” என்றான் உடனே. “அது வேற, இது வேற. அவரு பேரு ஏங்கூட முடிஞ்சு போகும். நான் ஒண்ணுமே செய்ய வேணாம், நீங்க அந்தப் பொத்தான அமுக்குனாப் போதும். அதத்தான் நெனச்சுக்கிட்டே இருக்கேன்.”

உமாராணி குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டாள். “எனக்கும் மாமா மேல பிரியந்தான் பாய். வாராவாரம் நான்தான பேசுறேன். ஆனா நாளைக்கு ஸ்கூல்ல யாழ்மொழி முனியசாமின்னு கூப்பிட்டா சிரிக்க மாட்டாகளா? இவுக கோவத்தையும் பாசத்தையும் எம்புள்ள சுமக்கணுமா?” அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பாஸ்போர்ட்டில் ஒருமுறை ஏறிவிட்டால் ஏறியதுதான், பிறகு மாற்றுவது படாத பாடு என்று என் பங்குக்கு நானும் சொன்னேன். கடைக்குள் வேறு ஆள் இல்லை, அவசரமும் இல்லை. பேச்சு எங்கும் போகாமல் நின்றது. அதை நகர்த்தத்தான் கேட்டேன், “ஒங்க அய்யாவோட அய்யா பேரென்ன தம்பி?”

மணிமாறன் வாயைத் திறந்தான். பிறகு உமாராணியைப் பார்த்தான், அவளுக்கு எப்படித் தெரியும்?

“தெரியல பாய்” என்றான். அவன் முகத்தில் அப்படியொரு வெட்கத்தை நான் பார்த்ததில்லை.

உமாராணிதான் போனை எடுத்தாள். போன வருடம் ஊருக்குப் போனவர்களிடம் மாமனாருக்கு ஒரு போன் கொடுத்தனுப்பி, வீடியோவில் பேசப் பழக்கியும் வைத்திருக்கிறாள். மணி அடித்ததும் அதை அப்படியே கணவன் கையில் திணித்து, குழந்தையையும் அவன் மடியில் வைத்தாள். “நீங்களே கேளுங்க.”

“சொல்லுத்தா, நல்லாருக்கியா?” என்று தொடங்கிய குரல் பாதியில் நின்றது. நான் சாய்ந்து பார்த்தேன். தலையில் துண்டு, வெள்ளைத் தாடி, வெட்டவெளி. அப்பாவும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஒங்க அய்யா பேரென்ன?” என்றான் மணிமாறன்.

“எங்கய்யாவா?” முனியசாமி திகைத்துப் போனார். “சோணை. சோணைன்னுதான் கூப்புடுவாக. எதுக்கு கேக்குற?”

“ஒரு பாரம் எழுதணும். அவரும் மூட்டம் போட்டவருதானா?”

“இல்லப்பா. அப்ப ஏது இம்புட்டு சீமக்கருவ? அவரு ஆடு மேச்சாரு. நம்ம வம்சத்துல கரி சுட்டது நான் ஒருத்தன்தான்.” தப்பு செய்து பிடிபட்டவர்போல அவர் குரல் தாழ்ந்தது.

மணிமாறன் போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்தான். இப்போது மடியில் இருந்த குழந்தையும் அவருக்குத் தெரிந்திருக்கும். நான் கட்டத்திலிருந்த மணிமாறனை அழித்துவிட்டுக் காத்திருந்தேன்.

“புள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுக்குறோம்” என்றான். “பேருக்குப் பின்னால ஒங்க பேரப் போடலாம்னு இருக்கேன். போடட்டுமா?”

திரையில் முனியசாமி அசையவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது, கண் பிள்ளை மேல் இருந்தது. நெட் போய்ப் படம் நின்றுவிட்டது என்று நினைத்து, மறுபடி கூப்பிடச் சொல்லக் கையைத் தூக்கினேன். அப்போதுதான் கவனித்தேன். அவர் தோளுக்குப் பின்னால் மூட்டத்திலிருந்து புகை மெல்ல மேலே போய்க்கொண்டிருந்தது.